மின்மினிப் பெட்டி: எதைக் கொடுக்கலாம், எதை எடுத்து வைக்கலாம்

மூன்று முதல் ஏழு வயதுக் குழந்தைகளுக்கென்று வரும் மின்மினிச் செயல்பாட்டுப் பெட்டிகளுக்குப் பெயர்கள் பல. மூடியைத் திறந்தால் சாமான்கள் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு படக்கதை, வாழ்க்கைச் சுழற்சியைக் காட்டும் நான்கு ரப்பர் பொம்மைகள், மினுக்கு அட்டைகள், அமுக்கினால் எரியும் சின்ன டார்ச் இரண்டு, எல்இடி வைத்துச் செய்யும் காகித மின்மினி, இருட்டில் ஒளிரும் ஸ்டிக்கர், வலை மூடி போட்ட ஜாடி, வெளியே போய் நிரப்ப ஒரு பதிவுத்தாள். இந்த எட்டில் மூன்றை அப்படியே கொடுக்கலாம். மூன்றைத் திருத்திக் கொடுக்க வேண்டும். ஸ்டிக்கரையும் ஜாடியையும் முதல் நாளே எடுத்து மேலே வைத்துவிடலாம்.

பெட்டியை எடைபோட ஒரே ஒரு கேள்வி போதும்: விளையாடி முடித்த குழந்தையிடம் "மின்மினி எதுக்கு மின்னுது?" என்று கேட்டால் என்ன பதில் வரும்? "வழி தெரியறதுக்கு" என்று வந்தால் பெட்டி தோற்றுவிட்டது. வளர்ந்த மின்மினியின் மினுக்கல் ஜோடியைக் கூப்பிடும் குரல். பல இனங்களில் ஆண் பறந்துகொண்டே கேட்கிறது, புல்லிலோ செடியிலோ உட்கார்ந்திருக்கும் பெண் பதில் சொல்கிறது. புழுப் பருவத்திலும் ஒளி உண்டு. அது "நான் கசப்பு, என்னைத் தின்னாதே" என்ற எச்சரிக்கை. இரண்டுமே சேதிதான். பெட்டிக்குள் இருக்கும் ஒவ்வொரு பொருளும் இந்தப் பக்கம் இழுக்கிறதா, விளக்கு அலங்காரத்தின் பக்கம் இழுக்கிறதா என்று பார்த்தாலே பாதி முடிவு தெரிந்துவிடும்.

அட்டையும் டார்ச்சும்

பெட்டியின் உயிர் இதில்தான் இருக்கிறது. மினுக்கு அட்டை ஒவ்வொன்றிலும் ஒரு இனத்தின் ஒளிக்கோலம் புள்ளியாகவும் கோடாகவும் இருக்கும். புள்ளிக்கு டார்ச்சை ஒரு தட்டு, கோட்டுக்கு ஒரு நீள அமுக்கு. வட அமெரிக்காவின் ஃபோட்டினஸ் பைராலிஸ் அட்டை அநேகமாக எல்லாப் பெட்டியிலும் இருக்கும். தொடங்க நல்ல அட்டையும் அதுதான். வெதுவெதுப்பான இரவில் அதன் ஆண் சுமார் 6 நொடிக்கு ஒருமுறை, அரை நொடி நீளத்துக்கு மின்னும். மின்னும்போதே சற்றே இறங்கி மேலேறுவதால் ஒளி தூண்டில் முள் போல வளைந்து தெரியும். பெண் சுமார் 2 நொடி காத்திருந்து ஒரே ஒரு மினுக்கில் பதில் தரும். அந்த 2 நொடிதான் அடையாளம். முந்தியோ பிந்தியோ வரும் ஒளியை ஆண் தன் இனமாக எடுத்துக்கொள்வதில்லை.

இதையே விளையாட்டாக்குங்கள். அறையைத் திரையிட்டு மங்கலாக்கினால் போதும், கும்மிருட்டு வேண்டாம். ஒரு குழந்தை உட்கார்ந்திருக்கும், இன்னொன்று ஐந்து அடி வைப்பு தள்ளி நிற்கும். நிற்பது ஒருமுறை மினுக்கும். உட்கார்ந்திருப்பது தொடையில் இரண்டு தட்டு தட்டிவிட்டுப் பதிலுக்கு மினுக்கும். பதில் சரியான நேரத்தில் வந்தால் நிற்பது ஓரடி முன்னே வரலாம். அவசரப்பட்டு வந்தால் நின்ற இடத்திலேயே மறுபடி கேட்க வேண்டும். கைக்கெட்டும் தூரம் வந்ததும் இடம் மாறலாம்.

கோளாறு வரும் இடங்கள் மூன்று. சின்னக் குழந்தைகள் பொத்தானை அமுக்கினால் விடவே மாட்டார்கள். நான்கு வயதுக்குக் கீழ் டார்ச்சை எரியவிட்டபடியே கொடுத்து, உள்ளங்கையால் மூடித் திறக்கச் சொன்னால் கோலம் தெளிவாக வரும். தள்ளு சுவிட்ச் வைத்த டார்ச்சுக்கும் இதே வழிதான், அதில் வேகமாக மினுக்கவே முடியாது. அடுத்தது வெளிச்சம்: பெட்டியோடு வரும் வெள்ளை எல்இடி நேராகக் கண்ணில் அடித்தால் குழந்தை அடுத்த சில நிமிடம் எதையும் பார்க்காது. மஞ்சள் டிஷ்யூ தாளை இரண்டு மடிப்பாக வைத்து ரப்பர் பேண்ட் போட்டால் நிறமும் மின்மினியின் நிறத்துக்குக் கிட்டே வரும். கடைசியாக, எண்ணும் வேகம். வாயால் "ஒண்ணு ரெண்டு" என்றால் அரை நொடியில் முடிந்துவிடும். தொடையில் தட்டச் சொல்வது அதற்காகத்தான்.

ஆறு குழந்தைகள் சேர்ந்தால் மூன்று ஜோடி அட்டைகளைக் கலைத்துக் கொடுத்து, பேசாமல், மினுக்கியே துணையைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம். எட்டுப் பேருக்கு மேல் போனால் அது விளையாட்டாக இருக்காது, சந்தைக்கடை. ஆறேழு வயதுக்காரர்களுக்கு ஒரு தந்திரக்காரியையும் சேர்க்கலாம். ஃபோட்டூரிஸ் என்ற வகையின் சில பெண் மின்மினிகள் வேறு இனப் பெண்ணின் பதிலைப் போலவே மினுக்கி, நம்பி வரும் ஆணைப் பிடித்துத் தின்றுவிடும். இந்த ஒரு செய்தியைக் கேட்டதும் பெரிய குழந்தைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஐந்துக்குக் கீழ் வேண்டாம். இருட்டும் ஏமாற்றும் சேர்ந்தால் இரவுத் தூக்கம் போகும்.

கதைப் புத்தகம்

பெரும்பாலான பெட்டிகளில் வருவது ஒரே கதை. ஒரு குட்டி மின்மினிக்கு விளக்கு எரியவில்லை, அது வருத்தப்படுகிறது, தன்னம்பிக்கை வந்ததும் பளிச்சென்று எரிகிறது. குழந்தைக்கு ஆறுதலான கதைதான். ஆனால் யாரைக் கூப்பிட எரிந்தது, யார் பதில் சொன்னார்கள் என்பது கதையிலேயே இல்லை. படங்களிலும் குறை உண்டு: வாலின் நுனியில் பல்பு மாட்டியது போல ஒளி, பட்டாம்பூச்சிச் சிறகு, சில பக்கங்களில் நான்கே கால். மின்மினி ஈயும் இல்லை, அந்துப்பூச்சியும் இல்லை, வண்டு. ஆறு கால், முதுகை மூடும் கெட்டியான முன்சிறகு இரண்டு, அதற்கடியில் பறக்கும் சிறகு இரண்டு, தலையைக் குடை போல மறைக்கும் ஒரு தகடு. ஒளி வருவது வயிற்றின் அடிப்பக்கத்திலிருந்து, கடைசிக்குச் சற்று முந்திய கணுக்களில்.

இதற்காகப் புத்தகத்தைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. முதல் தடவை நிறுத்தாமல் வாசித்துவிடுங்கள்; மூன்று வயதுக்குப் பத்து நிமிடத்துக்குள் முடிய வேண்டும். இரண்டாம் தடவை டார்ச்சைக் குழந்தையின் கையில் கொடுங்கள். கதையில் மின்மினி மின்னும் இடத்தில் மட்டும் அதுவும் மினுக்கட்டும். ‘மின்மினி’ என்ற சொல் வரும்போதெல்லாம் மினுக்கச் சொன்னால் மூன்றாம் பக்கத்திலேயே கதை காணாமல் போய்விடும். மூன்றாம் தடவை கால்களை எண்ணச் சொல்லுங்கள். நான்குதான் இருந்தால் மீதியைப் பென்சிலால் போட வைத்துவிடலாம். அச்சிட்ட புத்தகத்தையே திருத்துவதில் குழந்தைகளுக்கு வரும் கர்வம் தனி.

புத்தகத்தை விடச் சொந்தக் கதை நன்றாக வேலை செய்யும். எலும்புக்கூடு இவ்வளவுதான்: ஒரு மின்மினி கூப்பிட்டது, பதில் வரவில்லை, ஏன்? காரணத்தைக் குழந்தை சொல்லட்டும். தெருவிளக்கு எரிந்ததால் தெரியவில்லை, மழை பெய்தது, வேறு இனத்தின் கோலத்தில் கூப்பிட்டுவிட்டது, மருந்து அடித்த தோட்டம். நான்குமே உயிரியலில் நிற்கும் காரணங்கள். "தூங்கிப்போச்சு" என்றாலும் ஏற்றுக்கொள்ளுங்கள், எல்லா இனமும் இரவு முழுக்க மினுக்குவதில்லை. சொல்லிலேயே தாளம் இருப்பது தமிழ்க் குழந்தைகளுக்கு ஒரு வசதி. ‘மின்’ என்றதும் அமுக்கி, ‘மினி’ என்றதும் விட்டால், மினுக்கலை இதைவிட எளிதாகக் கற்றுத்தர முடியாது.

நான்கு பொம்மைகள்

முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்டு. இதில் புழுவைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். பல பெட்டிகளில் பட்டாம்பூச்சிப் பெட்டிக்குச் செய்த அச்சையே போட்டு, கொழுத்த பச்சைப் புழுவை வைத்துவிடுகிறார்கள். மின்மினியின் புழு தட்டையானது, பெரும்பாலும் கருத்தது, முதுகு முழுக்கக் கவசத் தகடு அடுக்கியது போலிருக்கும். இலையையும் தின்னாது. நத்தை, ஓடில்லா நத்தை, மண்புழு இவற்றைக் கடித்து மயக்கி, உடலைக் கரைத்து உறிஞ்சும் வேட்டைக்காரன் அது. அடிவயிற்றின் பின்முனைக்கருகே இரண்டு ஒளிப்புள்ளிகள் இருக்கும். கூட்டுப்புழுவைக் கிளையில் தொங்கவிட்டிருந்தால் அதிலும் சந்தேகம் வேண்டும். நிலத்தில் வளரும் பல இனங்கள் மண்ணுக்குள் சிறு அறை செய்து அதில்தான் கிடக்கும்.

பொம்மையோடு வரும் வட்ட அட்டை இதைவிடப் பெரிய தவறைச் செய்கிறது. நான்கு பருவத்தையும் நான்கு சம பாகமாகப் பிரித்துக் காட்டுவதால், மின்மினி வாழ்நாளில் கால் பங்கு பறப்பதாகக் குழந்தை நினைத்துக்கொள்ளும். இதைச் சரிசெய்ய 52 மணிகளும் ஒரு நூலும் போதும், வாரத்துக்கு ஒரு மணி. ஓராண்டில் சுழற்சியை முடிக்கும் இனத்துக்குத் தோராயமாக முட்டைக்கு வெள்ளை 3, புழுவுக்குக் கறுப்பு 44, கூட்டுப்புழுவுக்குப் பழுப்பு 2, பறக்கும் வண்டுக்கு மஞ்சள் 3. குளிர்நாடுகளின் சில இனங்கள் புழுவாகவே இரண்டு ஆண்டு இருப்பதுண்டு. கோத்து முடித்த மாலையில் மஞ்சள் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். அந்தத் தேடலுக்குப் பிறகு, புழு வாழும் ஈர மண்ணையும் இலைச்சருகையும் ஏன் கிளறக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மணிகள் மூன்று வயதுக்குக் குறைந்த தம்பி தங்கை இருக்கும் வீட்டில் வேண்டாம், வாய்க்குப் போகும். காகிதச் சங்கிலியாகச் செய்துகொள்ளலாம்.

ஒளிரும் ஸ்டிக்கர் ஏன் வேண்டாம்

அழகாக இருக்கிறது, குழந்தைக்கும் பிடிக்கிறது. ஆனால் ஒளிரும் ஸ்டிக்கர் வெளிச்சத்தில் வைத்தபோது வாங்கிக்கொண்டதை இருட்டில் மெல்ல விடுகிறது. மின்மினி அப்படிச் செய்வதில்லை. அதன் வயிற்றுக்குள் லூசிஃபெரின் என்ற பொருள், லூசிஃபெரேஸ் என்ற நொதியின் உதவியால், ஆக்சிஜனோடு வினைபுரிந்து ஒளியைத் தருகிறது. செல்லுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. என்ற பொருளும் மக்னீசியமும் கூட வேண்டும். ஸ்டிக்கரை மின்மினி என்று காட்டிப் பழக்கினால், "பகல்ல வெயில் குடிச்சு ராத்திரி விடுது" என்ற எண்ணம் ஊன்றிவிடும். பிறகு அதைப் பிடுங்குவது கடினம்.

வளைத்தால் ஒளிரும் பிளாஸ்டிக் குழாயான குளோ ஸ்டிக் ஓரளவு நெருக்கமான மாதிரி. அதிலும் இரண்டு திரவம் கலந்து, சூடில்லாமல் ஒளி பிறக்கிறது. ஒரே நிறத்தில் இரண்டை வளைத்து ஒளிரவைத்து, ஒன்றைக் கைபொறுக்கும் வெந்நீரிலும் மற்றொன்றை ஐஸ் தண்ணீரிலும் இரண்டு நிமிடம் நிறுத்துங்கள். வெந்நீரில் இருப்பது பளிச்சென்று எரியும், சீக்கிரம் தீரும். ஐஸில் இருப்பது மங்கும், நெடுநேரம் நிற்கும். குளிர்ந்த இரவில் மின்மினிகளின் மினுக்கல் மெதுவாவதைச் சொல்ல இது நல்ல இடம். குழாயை வெட்டவோ கடிக்கவோ விடக் கூடாது. உள்ளே கண்ணாடிக் குப்பி உடைந்து கிடக்கிறது, திரவம் பட்டால் கண் எரியும், உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். மாதிரிக்கும் ஓர் எல்லை உண்டு: குளோ ஸ்டிக் எரிந்துகொண்டே இருக்கும், மின்மினி தன் ஒளியைப் போட்டு அணைக்கும். அந்த வித்தியாசத்தைக் குழந்தையே கண்டுபிடித்துச் சொன்னால் அன்றைய பாடம் முடிந்தது.

பெட்டியின் முதுகில் "மின்மினி தன் ஆற்றல் முழுவதையும் ஒளியாக்குகிறது, நூறு சதவீதம்" என்று அச்சிட்டிருப்பார்கள். வெப்பம் மிகக் குறைவு என்பது உண்மை. நூறு என்பது உண்மையில்லை. 2008-இல் வெளியான அளவீட்டின்படி, வினைபுரியும் நூறு லூசிஃபெரின் மூலக்கூறுகளில் சுமார் 41 தான் ஒளித்துகளைத் தருகின்றன.

காகித மின்மினி

காகிதக் குழல் உடம்பு, கறுப்பு அட்டைச் சிறகு, வயிற்றில் எல்இடி. செய்வதற்கு அரை மணி நேரம், பசை காய இன்னொரு அரை மணி. பசை காய்வதற்குள் சிறகைத் தூக்கிப் பார்த்து உடைப்பதுதான் வழக்கமான விபத்து. சிறகுக்கு மட்டும் ஸ்டேப்ளர் போட்டுவிடுங்கள். எல்இடியின் நீளக் கால் பேட்டரியின் கூட்டல் குறிப் பக்கம் போக வேண்டும். எரியவில்லை என்றால் பத்தில் ஒன்பது தடவை கால் மாறியிருக்கும். விளக்கைக் குழலின் நுனியில் ஒட்டச் சொல்லும் செய்முறைத் தாளைக் கண்டுகொள்ளாமல், அடிப்பக்கத்தில் ஒரு சன்னல் வெட்டி மஞ்சள் டிஷ்யூ ஒட்டி, அதற்குள் வையுங்கள். தானாக நடுங்கி எரியும் மெழுகுவர்த்தி வகை எல்இடி வந்திருந்தால் பயனில்லை, அதில் கோலம் எதுவும் போட முடியாது.

பட்டன் பேட்டரி விஷயத்தில் மட்டும் சமரசம் கூடாது. 20 மில்லிமீட்டர் அகலமுள்ள 3 வோல்ட் லித்தியம் பேட்டரியைக் குழந்தை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே கடும் புண் உண்டாக்கும். பேட்டரி மூடி திருகாணி போட்டு மூடுவதாக இருக்க வேண்டும். நகத்தால் திறக்கும் மூடியோ, செப்பு நாடாவில் பேட்டரியை வெறுமனே ஒட்டும் அமைப்போ வந்திருந்தால், எல்இடிப் பகுதி முழுவதையும் எடுத்துவிட்டு விளக்கில்லாத மின்மினியாகவே செய்யுங்கள். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்கு ஓட வேண்டும், வாந்தி எடுக்க வைக்கக் கூடாது.

மின்சாரமே வேண்டாம் என்பவர்களுக்கு மெழுகு கிரேயான் இருக்கிறது. வெள்ளைத் தாளில் மஞ்சள் கிரேயானை அழுத்தி அழுத்திப் புள்ளியும் தூண்டில் முள்ளும் வரைந்து, மேலே ஒரு பங்கு கருநீல வாட்டர் கலரை நான்கு பங்கு தண்ணீரில் கரைத்துப் பூசினால் இரவு விழுந்து ஒளி மட்டும் எழும். நிறம் கெட்டியாக இருந்தால் மெழுகையும் மூடிவிடும். கிரேயானை மெல்லத் தடவியிருந்தால் எதுவும் தெரியாது.

ஜாடி

வலை மூடி வழியாகக் காற்று நன்றாக வரும், பிரச்சினையும் அதுதான். சில மணி நேரத்துக்கு ஒரு பூச்சிக்கு ஜாடிக்குள் இருக்கும் காற்றே போதும். அதைக் கொல்வது வறட்சி. பிடித்தே தீர வேண்டும் என்றால் முழு மூடி, உள்ளே ஈரமாக்கிப் பிழிந்த ஒரு துண்டு டிஷ்யூ, ஒரு ஜாடிக்கு ஒன்றிரண்டு பூச்சி, அரை மணிக்குள் பிடித்த இடத்திலேயே விடுதலை. கையில் கொசு மருந்து தடவியிருந்தால் தொடவே கூடாது. வலையை வீசிப் பிடிப்பதை விட, இலையோடு சேர்த்து ஜாடியைக் கவிழ்ப்பது நல்லது. பிடித்த பூச்சியைச் செல்லப் பல்லிக்கோ ஓணானுக்கோ போடுவதும் ஆபத்து. சில மின்மினி இனங்களின் நச்சு ஒரே ஒரு பூச்சியிலேயே பல்லியைக் கொன்றிருக்கிறது.

இத்தனை நிபந்தனைகளையும் ஐந்து வயதுக் குழந்தை காப்பாற்றும் என்று எதிர்பார்க்க முடியாது. பறக்கும் நாட்கள் மூன்றே வாரம் என்று மணிமாலை கோத்துக் காட்டிவிட்டு, அதில் ஓர் இரவைப் பறிக்கும் கருவியையும் அதே பெட்டியில் வைப்பது முரண். ஜாடியை மணி போட்டு வைக்கப் பயன்படுத்துங்கள்.

பதிவுத்தாள்

அடக்கமான ஒரு தாள், ஆனால் பெட்டியிலேயே நீண்ட நாள் உழைப்பது இது. நன்றாக அமைந்த தாளில் தேதி, நேரம், வானம், காற்று, அருகில் விளக்கு உண்டா, எத்தனை ஒளி என்ற ஆறு கட்டங்கள் இருக்கும். சூரியன் மறைந்து இருபது முப்பது நிமிடம் கழித்து, காற்றில்லாத, புழுக்கமான, நிலா இல்லாத மாலையில், ஈரமான புல்வெளி ஓரமோ நீர்நிலை ஓரமோ போங்கள். பாதையில் நின்றே பார்க்கலாம், புல்லுக்குள் இறங்க வேண்டாம். பெண் பூச்சிகள் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித் தாளை இரண்டு மூன்று சுற்று கட்டி, தரையை நோக்கி மட்டும் அடியுங்கள். மின்மினியின் கண்ணுக்குச் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. கண் இருட்டுக்கு நன்றாகப் பழக இருபது நிமிடம் ஆகும். இடையில் ஒரே ஒருமுறை கைப்பேசித் திரையைப் பார்த்தால் அந்த இருபதையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும், இது பெரும்பாலும் பெரியவர்கள் செய்யும் தவறு.

எண்ணும்போது நகரும் ஒளியைத் துரத்தினால் ஒன்றையே நான்காக எண்ணிவிடுவோம். ஒரு திசையை மட்டும் பார்த்து, பத்து நொடிக்குள் எத்தனை இடத்தில் மின்னுகிறது என்று எண்ணி, சற்று நிறுத்தி, மொத்தம் மூன்று முறை எழுதுங்கள். குழந்தைக்கு எண் வராவிட்டால் கட்டத்தில் மஞ்சள் புள்ளி வைக்கட்டும். ஒன்றுமே தெரியாத இரவுக்குத் தாளில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பல தாள்களில் கட்டம் 1-இலிருந்துதான் தொடங்குகிறது. கையால் ஒரு பூஜ்யம் போட்டுக்கொள்ளுங்கள். அதே இடத்துக்கு ஒரு வாரம் கழித்துப் போய், பக்கத்து விளக்கு அணைந்திருந்த இரவோடு ஒப்பிட்டால்தான் தாள் பேசத் தொடங்கும். உலகெங்கும் உள்ள மின்மினி ஆய்வாளர்களின் கருத்தைத் திரட்டி 2020-இல் வெளியான ஆய்வு, வாழிடம் அழிவதை முதல் அச்சுறுத்தலாகவும், செயற்கை ஒளியையும் பூச்சிக்கொல்லியையும் அடுத்தவையாகவும் வைத்தது. அந்த மூன்றில் விளக்கு ஒன்றைத்தான் குழந்தை தன் கையால் அணைத்து, வித்தியாசம் உண்டா என்று அதே தாளில் பார்க்க முடியும்.

வாங்கும்போது மூடியைத் திறந்து காட்டுவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. பெட்டியின் பின்பக்கப் படத்தில் புழுவைத் தேடுங்கள். பச்சையாக, இலை மேல் உட்கார்ந்திருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். கருத்து, தட்டையாக, பக்கத்தில் ஒரு நத்தையோடு இருந்தால், அட்டைகளையும் கவனித்துத்தான் செய்திருப்பார்கள்.